அக்காவிடம் கேளுங்கள்: பேய் பிடித்தவளா, களைத்துப் போனவளா?

போன இதழில் ஒரு வாசகி "மனசு சரியில்லை என்று டொக்டரிடம் போனால் லயத்தில் என்ன பேசுவார்கள்?" என்று கேட்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பேசத்தான் செய்வார்கள், நீங்கள் போங்கள் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில்தான் இந்த இதழின் பகுதி முழுவதும் போகப் போகிறது. சீட்டுப் பணம், மாமியார் சண்டை, தலைமுடி கொட்டுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, என் அம்மாச்சி கல்யாணமாகி வந்த புதிதில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய் மயங்கி விழுந்தாராம். அதற்குப் பிறகு பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை, திடீரென்று சிரிப்பாராம். கோடாங்கி வந்து உடுக்கடித்து, பிரசவத்தில் செத்துப்போன ஒரு பெண்ணின் பேய் என்று சொல்லி ஓட்டினாராம். நான் இப்போது கம்பஸில் உளவியல் ஒரு பாடமாகப் படிக்கிறேன். அவருக்கு இருந்தது உண்மையில் என்ன நோய்?
— தலவாக்கலை வாசகி

தங்கச்சி, உங்கள் அம்மாச்சி விழுந்தது எத்தனையோ வருடத்துக்கு முன்னால். அந்த மயக்கத்துக்கு இன்றைக்கு உட்கார்ந்து என்னால் பேர் வைக்க முடியாது. யாராவது வைத்தால் நம்பவும் வேண்டாம். வலிப்பாக இருந்திருக்கலாம், இரத்தம் குறைவாக இருந்திருக்கலாம், வயிற்றில் பிள்ளை இருந்திருக்கலாம், மனம் உடைந்து போயிருக்கலாம், இதில் ரெண்டு மூன்று சேர்ந்தும் இருந்திருக்கலாம்.

ஆனால் பேய் யாரைப் பிடிக்கிறது என்று மட்டும் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். கல்யாணமாகி வருடம் திரும்பாதவள், வயிற்றில் பிள்ளை தங்காதவள், பச்சை உடம்புக்காரி, ஒருத்தனுக்கு என்று பேசி வைத்து இன்னொருத்தனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். பெரிய கங்காணியைப் பேய் பிடித்த கதையை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேயோட்டுவதை ஆராய்ந்தவர்களும் புதுப் பெண்ணைத்தான் பேய் தேடி வருகிறது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் புதுப் பெண்ணின் நாளை யோசியுங்கள். வேறு தோட்டத்திலிருந்து வருகிறாள், ஆள் தெரியாது, மலை தெரியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதற்குள் மாமனார், மாமியார், கொழுந்தன், நடுவில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கும், அந்தத் திரைக்கு இந்தப் பக்கம்தான் அவளுடைய குடும்ப வாழ்க்கை. விடியுமுன்னே எழுந்து ரொட்டி தட்டி, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்து, திரும்பி வந்து விறகு, தண்ணீர், சமையல். இதற்கு நடுவில் "எனக்கு இங்கே பிடிக்கவில்லை, அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்று சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. சொன்னால் அடக்கமில்லாதவள். புருஷன் பேரைக்கூடச் சொல்லக் கூடாதவள் மாமியார் மேல் என்ன குறை சொல்லிவிட முடியும்?

இப்போது உடுக்கு அடிக்கிறது. கோடாங்கி கேட்கிறார்: நீ யார், எங்கேயிருந்து வந்தாய், உனக்கு என்ன வேண்டும்? அந்தப் பெண் அந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து, உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு ஆள் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பேய் பதில் சொல்லும். புதுச் சேலை கேட்கும், கோழிக்கறி கேட்கும், மாமியாரை நீ வா போ என்று பேசும், தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழும். பேசியது பேய்தானே, அதனால் அவள் மேல் குற்றம் இல்லை.

இதைச் சொல்வதால் கோடாங்கியை நான் மனநல மருத்துவர் ஆக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். முடியைப் பிடித்து இழுத்து மரத்தில் ஆணி அடித்ததும், வேப்பங்குழையால் தொடங்கிப் பிரம்பில் முடிந்ததும், மிளகாய்ப் புகை போட்டதும் அதே கூத்தில்தான் நடந்தது. பேய் போன மறுநாள் அதே காம்பரா, அதே திரை, அதே பெரட்டு. எதுவும் மாறியிருக்காது. அம்மாச்சி கூட வேலை செய்த யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள், அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கம்பஸில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

படிப்பறிவு இல்லாததால்தான் நம்ம ஆட்கள் பேய் பிசாசு என்று போனார்கள். வெள்ளைக்காரன் நாட்டில் அப்போதே விஞ்ஞானப்படி வைத்தியம் பார்த்தார்கள் அல்லவா?
— பதுளை வாசகர்

தம்பி, அவர்கள் பார்த்த வைத்தியத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கிரேக்க நாட்டில் 2400 வருடத்துக்கு முன்பே மருத்துவர்கள் எழுதி வைத்தது: பெண்ணுக்கு மூச்சு முட்டினால், பேச்சு நின்றால், துடித்தால், அவளுடைய கர்ப்பப்பை இருந்த இடத்தை விட்டு உடம்புக்குள்ளே அலைகிறது. மூக்குப் பக்கம் நாற்றம் பிடித்ததைக் காட்டி, கீழே நல்ல வாசனைப் புகை போட்டால் அது பழைய இடத்துக்கு இறங்கிவிடும். நிரந்தர மருந்து என்ன தெரியுமா? கல்யாணம் கட்டிக்கொடு, பிள்ளை பெறட்டும். நம்ம ஊர்ப் பெரியவர்கள் "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கர்ப்பப்பைக் கதையிலிருந்து வந்ததுதான் ஹிஸ்டீரியா என்கிற நோய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் தனி நோயாக இருந்த அதை நீக்கியதே 1980இல்தான். நாற்பத்தைந்து வருடம் சொச்சம்தான் ஆகிறது.

நடுவில் பாரிஸில் சால்பெத்ரியேர் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் ஏழைகள், வீட்டு வேலைக்காரிகள். அங்கே ஷார்கோ என்ற புகழ்பெற்ற டொக்டர் 1880களில் செவ்வாய்க்கிழமைதோறும் பாடம் நடத்துவார், பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தி மனோவசியம் செய்து அவர்கள் விழுவதையும் வளைவதையும் கூட்டத்துக்குக் காட்டுவார், போட்டோவும் பிடிப்பார்கள். இளவயது ஃபிராய்டு 1885இல் போய் உட்கார்ந்து பார்த்ததும் அங்கேதான். ஷார்கோவுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: இந்த நோய் ஆண்களுக்கும் வரும் என்று அவர் அடித்துச் சொன்னார். ஆனாலும் உடுக்கு இல்லையே தவிர, சுற்றி நின்று பார்த்த கூட்டம் ஒன்றுதான்.

பணக்கார வீட்டுப் பெண்களுக்கு வேறு வைத்தியம். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் வியர் மிச்செல் என்று ஒரு டொக்டர். மனம் சோர்ந்த பெண்ணை ஆறு, எட்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கவிட மாட்டார். பாலும் இறைச்சியும் ஊட்டி, உடம்பைப் பிடித்துவிட்டு, படிக்காதே, எழுதாதே, தைக்காதே, யாரையும் பார்க்காதே என்பார். அதே சோர்வோடு ஒரு ஆண் வந்தால்? மேற்குப் பக்கம் போய்க் குதிரை ஓட்டு, வேட்டையாடு, நல்ல காற்றை வாங்கு என்று அனுப்பிவிடுவார்! சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர் பிள்ளை பெற்ற பிறகு வந்த சோர்வுக்காக 1887இல் அவரிடம் போனார். வீட்டோடு இரு, குழந்தையைப் பார், இனிப் பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினாராம். அதன்படி நடந்து பார்த்து, புத்தி பேதலிக்கும் விளிம்புக்கே போய்விட்டு, அப்புறம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்த பிறகுதான் தேறினேன் என்று பின்னால் அவரே எழுதினார். அடைத்து வைத்ததால் வந்த நோய்க்கு, இன்னும் இறுக்கி அடைப்பதே மருந்து. இதைத்தான் தம்பி நீங்கள் விஞ்ஞானம் என்கிறீர்கள்.

பொம்பளைப் பிள்ளை ரொம்பப் படித்தால் மூளை குழம்பிவிடும் என்று எங்கள் தாத்தா சொல்லி அத்தையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினாராம். இப்படியெல்லாமா நம்பினார்கள்?
— மஸ்கெலியா வாசகி

தாத்தாவை மட்டும் திட்டாதீர்கள். 1873இல் போஸ்டனில் எட்வர்ட் கிளார்க் என்ற டொக்டரே புத்தகம் போட்டுச் சொன்னார்: வயதுக்கு வந்த பெண்கள் பையன்களைப் போல மண்டையை உடைத்துப் படித்தால் இரத்தம் மூளைக்குப் போய்விடும், கர்ப்பப்பை வளராது, நரம்பு கெடும். அவர் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். உங்கள் தாத்தாவுக்கு அந்தப் புத்தகம் தெரிய நியாயமில்லை, அவருக்கு வேறு காரணம் இருந்திருக்கும். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால் அத்தையின் சம்பளமும் வீட்டுக்கு வரும் அல்லவா?

தோட்டத்தில் அந்தக் காலத்தில் வெள்ளைக்கார டொக்டர்கள் இருந்தார்களே, அவர்கள் நம்ம பெண்களுக்கும் ஹிஸ்டீரியா என்று எழுதினார்களா?
— ஹட்டன் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையதுதான் ஐயா.

அந்த நோயைப் பெற ஒரு தகுதி வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்க வசதி இருக்க வேண்டும், நீ மென்மையானவள் என்று யாராவது முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். துரையின் பங்களாவில் இருந்த துரைசானிக்கு நரம்புத் தளர்ச்சி வரலாம், கப்பலேறிச் சொந்த ஊர்க் குளிருக்குப் போய் வரலாம். கூடை சுமந்தவளுக்கு அது கிடையாது. அவளுக்கு ரெண்டே பேர்தான் மிச்சம்: லயத்தில் பேய் பிடித்தவள், பெரட்டுக்களத்தில் சோம்பேறி.

சோம்பேறி என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் லூசியானா பக்கம் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டொக்டர் 1851இல், அடிமைகள் எசமானை விட்டுத் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று பேர் வைத்து எழுதினார். வேலையில் மந்தமாக இருப்பதற்கும் இன்னொரு நோய்ப் பேர் வைத்தார், அதற்கு அவர் சொன்ன சிகிச்சையில் கடினமான வேலையும் உண்டு, அகலமான தோல்வாரால் அடிப்பதும் உண்டு. இங்கே இலங்கையில் அவ்வளவு தூரம் போகத் தேவையே இருக்கவில்லை. 1865ஆம் வருடச் சட்டம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போகிறவரை சிறைக்கு அனுப்ப இடம் கொடுத்தது. கடனைக் காட்டும் துண்டுச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் எடுக்க மாட்டார்கள், அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். ஓடிப் போகிறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கும்போது டொக்டர் எதற்கு?

அடுத்தது உடம்பு. கொக்கிப்புழு பற்றி உங்களுக்குத் தெரியும். வெறுங்காலில், ஈர மண்ணில், கக்கூஸ் இல்லாத லயங்களில் அது காலைத் துளைத்துக்கொண்டு ஏறி, குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்கும். ரொக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் 1916இல் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் அதற்கு எதிராக வேலை தொடங்கினார்கள். அதற்கு முன்னாலும், ஏன், அதற்குப் பின்னாலும் ரொம்பக் காலம், இரத்தம் வற்றி வெளிறிப்போய், வருடத்துக்கு ஒரு பிள்ளை சுமந்து, மலை ஏறும்போது மூச்சு வாங்கி நின்ற பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், தாமதமாக வந்தால் அரைப்பேர், பிள்ளைகளை விட்டு வைக்கும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வர நேரமானால் கங்காணியின் ஏச்சு. அவள் சோர்வு சம்பளக் கணக்கான செக்ரோலில் கழிவாகப் பதியப்பட்டது, ஒரு டொக்டரின் நோட்டில் நோயாகப் பதியப்படவில்லை. அதனால்தான் இன்றைக்கு நாம் பழைய ஆவணங்களைப் புரட்டினாலும் தோட்டத்துப் பெண்ணின் மனசைப் பற்றி அதில் அநேகமாக எதுவும் இல்லை. எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை செத்தது என்று இருக்கும். மனசு இருந்தது தாலாட்டிலும் ஒப்பாரியிலும்தான், அதை யாரும் ஆஸ்பத்திரிக் கோப்பில் சேர்க்கவில்லை.

கையில் காசும் இல்லை. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றுதான் வைத்தது. ஒரே நாள் வேலைக்கு ஒரே சம்பளம் வந்தது 1984இல். அதையும் பல வீடுகளில் புருஷன்காரன்தான் போய் வாங்கினான், வரும் வழியில் கள்ளுத் தவறணை இருந்தது. இப்படி வாழ்ந்தவளுக்கு மனசு உடைந்தால் அது நோயா, நியாயமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு ரெண்டும் தோன்றுகிறது. நியாயமான காரணம் இருக்கிறது என்பதற்காக அது வலிக்காமல் போகாது, வைத்தியம் வேண்டாம் என்றும் ஆகாது.

ஆண்களுக்கு மனநோய் வராதா அக்கா? எப்போது பார்த்தாலும் பெண்கள், பெண்கள்.
— இறாகலை வாசகர்

வரும், நன்றாகவே வரும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் கிடந்த சிப்பாய்கள் பேச்சிழந்தார்கள், கை கால் நடுங்கியது, எழுந்து நடக்க முடியவில்லை. பாரிஸில் பெண்களுக்கு வந்த அதே அடையாளங்கள். ஆனால் வீரனைப் போய் ஹிஸ்டீரியா என்று சொல்ல முடியுமா? 1915இல் சார்ல்ஸ் மயர்ஸ் என்ற டொக்டர் குண்டு அதிர்ச்சி என்ற பேரில் எழுத, அந்தப் பேர் நின்றுவிட்டது. பெண்ணுக்கு வந்தால் கர்ப்பப்பை, ஆணுக்கு வந்தால் குண்டு. நம்ம பக்கம் ஆணுக்கு வந்தால் அது குடி என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது, அந்தக் குடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும், எழுதுகிறேன்.

திருவிழாவில் சாமி ஆடும் பெண்ணைக் கும்பிடுகிறார்கள், அவளே வீட்டில் கத்தினால் பைத்தியம் என்கிறார்கள். ஏன்?
— பண்டாரவளை வாசகி

கோயிலில் ஆடுவதற்கு இடமும் நேரமும் இருக்கிறது, பறை இருக்கிறது, முடிந்ததும் விபூதி போட்டு இறக்கிவிடுவார்கள். வீட்டில் கத்துகிறவளை எப்படி இறக்குவது என்று யாருக்கும் தெரியாது, பயந்துவிடுகிறார்கள். நம்ம நாட்டு மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர கதிர்காமத்தில் சடைமுடியோடு சாமி ஆடிய பெண்களிடம் உட்கார்ந்து கதை கேட்டு எழுதியிருக்கிறார். சொந்த வீட்டில் பட்ட துயரமே அவர்களுக்குச் சாமியின் அருளாக மாறியது என்று காட்டுகிறார். தேடிப் படியுங்கள்.

என் கணவர் சண்டை வந்தாலே "உன்னைப் பைத்தியம் என்று எழுதி வாங்கி அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வேறு கல்யாணம் கட்டுவேன்" என்கிறார். அப்படிச் செய்ய முடியுமா?
— கம்பளை வாசகி

ஒரு காலத்தில் சில நாடுகளில் முடிந்தது தங்கச்சி. அமெரிக்காவில் இலினோய் மாநிலச் சட்டம், மற்றவர்களை அடைக்கச் சாட்சி வேண்டும், பெண்டாட்டியை அடைக்கப் புருஷன் சொன்னால் போதும் என்று வைத்திருந்தது. எலிசபெத் பேக்கர்ட் என்ற பெண், பாதிரியாரான புருஷனின் மதக் கருத்தை ஒத்துக்கொள்ளவில்லை, 1860இல் அந்தப் புருஷன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மனநோய் ஆஸ்பத்திரியில் போட்டார். மூன்று வருடம். வெளியே வந்த பிறகு வீட்டிலேயே ஒரு அறையில் ஜன்னலுக்கு ஆணி அடித்துப் பூட்டினார். எப்படியோ ஒரு கடிதம் வெளியே போய் 1864இல் வழக்கு வந்தது. ஜூரிகள் ஏழே நிமிடத்தில் அவளுக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு எலிசபெத் சும்மா இருக்கவில்லை, ஊர் ஊராகப் போய்ச் சட்டத்தையே மாற்ற வைத்தார்.

நம்ம நாட்டு மனநோய்ச் சட்டத்தின் அடிப்படை 1873இல் எழுதியது, ரொம்பப் பழசு, திருத்த வேண்டும் என்று எத்தனையோ காலமாகப் பேச்சு. ஆனாலும் புருஷன் வாயால் சொன்னால் போதும் என்று அதில் இல்லை, மருத்துவர் பார்க்க வேண்டும். பொதுச் சட்டப்படி விவாகரத்துக்குச் சொல்லியிருக்கிற காரணங்கள் வேறொருவரோடு தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்றவைதான். மனநோய் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் கண்டியச் சட்டப்படி அல்லது முஸ்லிம் சட்டப்படி கல்யாணம் பதிந்திருந்தால் விவரம் வேறு, சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள், பணம் இல்லாதவர்களுக்காகத்தான் அது இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு சண்டையிலும் இப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது வீட்டு வன்முறைச் சட்டத்தில் வருகிற விஷயம், 2005ஆம் ஆண்டுச் சட்டம், மனசைத் துன்புறுத்துவதும் அதில் அடங்கும். அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து ரெண்டு மாதம். ஒரே அழுகை, பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள், இரவில் தூக்கம் இல்லை. மாமியார் பேய்க்காற்று என்று நூல் கட்டியிருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?
— நானுஓயா வாசகி

நூல் இருக்கட்டும், அவிழ்க்கப் போய் வீட்டில் இன்னொரு சண்டை வேண்டாம். பச்சை உடம்புக்காரியைத் தனியாக விடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதும் நல்லதுதான், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருங்கள்.

பிள்ளை பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகை வருவதும் போவதும் சாதாரணம். ரெண்டு மாதம் ஆகியும் போகவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது, நம்மைப் போன்ற நாடுகளில் இன்னும் அதிகம். அவள் கெட்ட தாய் இல்லை, பிள்ளை மேல் பாசம் இல்லாதவளும் இல்லை.

உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் இந்த வாரமே சொல்லுங்கள், பிள்ளையின் எடையைப் பார்க்க வருகிறவரிடம் தாயைப் பற்றியும் பேசலாம். தாய்மார்களிடம் கேட்க என்றே பத்துக் கேள்வி கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, 1987இல் ஸ்கொட்லாந்தில் செய்தது, தமிழிலும் உண்டு. அதை வைத்துப் பார்த்துவிட்டு நுவரெலியா ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். இரத்தமும் தைரோய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவை குறைந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, மருந்து என்றதும் பாலை நிறுத்திவிட வேண்டாம், டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இல்லாத சத்தம் கேட்கிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, இரவானாலும் ஒரு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. மாமியாரையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், டொக்டர் சொல்வதை அவர் நேரில் கேட்கட்டும், நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்.